படம் நம்முடையது, கடை யாருடையது?

ஒரு தலைமுறைக்கு முன்வரை நம் சிற்றூர்களில் நிழற்படக்காரர் என்றால் கடைவீதியில் ஒரு ஸ்டூடியோ வைத்திருப்பவர்தாம். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் மாட்டியிருக்கும் மணமக்கள் படங்களும், புதுநன்மை வாங்கிய சிறுவர் சிறுமியர் படங்களும், ஊர்ப் பெரியவர் ஒருவரின் மார்பளவுப் படமும் அவருடைய திறமைக்குச் சான்று கூறும். பார்த்தவர் உள்ளே நுழைவர்; விலை பேசுவர்; முன்பணம் கொடுப்பர். நெகட்டிவ் அவருடைய அலமாரியில் பத்திரமாக இருக்கும். காட்சிப்பெட்டி, கல்லாப்பெட்டி, அலமாரி ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ், ஒருவருடைய கையிலேயே இருந்தன.

இணையம் வந்தபின் இம்மூன்றும் பிரிந்துவிட்டன. காட்சிப்பெட்டி ஒரு நாட்டு நிறுவனத்திடமும், கல்லாப்பெட்டி வேறொரு நாட்டு நிறுவனத்திடமும், அலமாரி எங்கிருக்கிறதென்றே தெரியாத ஒரு கணினிக் கிடங்கிலும் என்றாகிவிட்டது. படம் எடுத்தவனிடம் எஞ்சியிருப்பவை கேமராவும் அதற்காக வாங்கிய கடனும்தாம்.

நம் குடும்பங்களில் நிழற்படக் கலையில் நாட்டங்கொண்ட இளைஞரும் இளம்பெண்களும் இன்று பெருகி வருகின்றனர். திருமணங்களிலும் திருவிழாக்களிலும் படம் எடுத்துக் கைத்திறன் பெற்றபின், தங்கள் படங்களை உலகெங்கும் உள்ளோர் காணும்படி இணையத்தில் வைத்து விற்கப் போவதாகக் கூறுகின்றனர். பெற்றோருக்கு இது விளங்குவதில்லை. வீட்டில் பூசல் எழுகின்றது. முடிவில் இரு சாராரும் பங்குத்தந்தையிடம் வந்து நிற்கின்றனர். (நிலத் தகராறு முதல் நீரிழிவு மருந்து வரை எதற்கும் சாமியாரிடம் விடை இருக்கும் என்பது நம் மக்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றவாவது நாங்கள் சிலவற்றைப் படித்தறிய வேண்டியிருக்கிறது.) ஒன்றரை இலட்சம் ரூபாய்க் கடனில் கேமரா வாங்கிவிட்ட மகனைப் பற்றி ஒரு தாய் என்னிடம் இவ்வாறு கேட்டார்: "எந்தத் தளத்தில் படத்தைப் போடுவது என்று இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டே இருக்கிறான் சாமி. எதில் போட்டால் கடன் அடையும்?"

நேரான கேள்வி இது. எதில் போட்டால் அதிகம் பேர் பார்ப்பர் என்று பிள்ளைகள் கேட்கின்றனர். எதில் போட்டால் பணம் வரும் என்று பெற்றோர் கேட்கின்றனர். இரண்டும் கேட்கத்தக்கவையே. ஆனால் இவ்விரண்டிற்கும் முன்பாகக் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. நாளைக்கு அந்தக் கடை மூடப்பட்டாலோ, கடைக்காரர் தம் நிபந்தனைகளை மாற்றிக்கொண்டாலோ நம் கையில் என்ன மிஞ்சும் என்பதே அது.

மூடப்பட்ட கடைகள்

இது வெறும் அச்சமன்று. நடந்து முடிந்த வரலாறு. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் டிஜிட்டல் ரெயில்ரோடு என்றொரு நிறுவனம் இருந்தது. தொழில்முறைக் கலைஞர்கள் சந்தா செலுத்தித் தங்கள் படங்களை அதில் சேமித்து வைத்தனர். பத்திரிகைகளுக்கும் பிறருக்கும் அங்கிருந்தே விற்றனர். 2008 அக்டோபர் இறுதியில் அந்நிறுவனம் நொடித்துப் போயிற்று. வைத்திருந்த படங்களை எடுத்துக்கொள்ளக் கொடுக்கப்பட்ட அவகாசம் 24 மணி நேரம். எல்லாரும் ஒரே வேளையில் முட்டி மோதினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஃபோட்டோபக்கெட் என்னும் தளத்தில் கோடிக்கணக்கான படங்கள் இருந்தன. அங்கே ஏற்றி வைத்த படத்தை வேறு பக்கங்களில் காட்டிக்கொள்ளலாம் என்பதே அதன் பெருமை. 2017 ஜூன் மாதத்தில், அவ்வாறு காட்ட வேண்டுமாயின் ஆண்டுக்கு 399 டாலர் செலுத்த வேண்டும் என்று அது நிபந்தனையை மாற்றியது. பல்லாண்டுகளாகப் பிறர் தங்கள் விற்பனைப் பக்கங்களில் காட்டி வந்த படங்கள் திடீரென மறைந்தன.

ஃபிளிக்கர் கதை சற்று வேறு. 2004-இல் கனடாவின் வான்கூவர் நகரில் பிறந்த இத்தளத்தை மறு ஆண்டே யாகூ நிறுவனம் வாங்கியது. 2013-இல், ஒருவருக்கு ஒரு டெராபைட் இடம், அதாவது ஆயுள் முழுவதும் எடுத்தாலும் நிரம்பாது என்று எண்ணத்தக்க இடம், இலவசம் என்று அறிவித்தது. 2018-இல் ஸ்மக்மக் என்னும் நிறுவனம் ஃபிளிக்கரை வாங்கியதும், கட்டணமின்றி வைத்திருப்போர்க்கு 1,000 படங்களே எல்லை; அதற்கு மேற்பட்டவை நீக்கப்படும் என்று கூறியது. பலர் சினந்தனர். எனக்கு என்னவோ அந்த ஸ்மக்மக் நிறுவனத்தின்மேல் அவ்வளவு கோபம் வரவில்லை. தந்தையும் மகனுமாகச் சேர்ந்து 2002-இல் தொடங்கிய குடும்பத் தொழில் அது. வாடிக்கையாளர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டே நடந்து வருவது. 'இடம் தருகிறேன், வாடகை கொடு' என்று நேராகக் கேட்பவன், 'எல்லாம் இலவசம்' என்று அழைத்துப் பின்னர்க் கதவைச் சாத்துபவனைவிட நம்பத்தக்கவன்.

நிழற்படக் கலைஞர்கள் மிகவும் விரும்பிய 500பிஎக்ஸ் என்னும் தளம் கனடாவின் டொரான்டோவில் தோன்றியது. 2018-இல் அதைச் சீன நாட்டின் விஷுவல் சைனா குழுமம் வாங்கிற்று. அவ்வாண்டு ஜூன் இறுதியில் அத்தளத்தின் சொந்த விற்பனைக் கடை மூடப்பட்டு, படங்களை விற்கும் பொறுப்பு கெட்டி இமேஜஸ் நிறுவனத்திற்கும் சீனக் குழுமத்திற்கும் மாற்றப்பட்டது. தம் படத்தை ஒரு கடையில் வைத்தவர், ஒரு நாள் காலையில் கண்விழித்தபோது அது வேறொரு கடைக்காரரின் அலமாரியில் இருக்கக் கண்டார்.

இவை எல்லாவற்றினும் கருத்தூன்றி நோக்கத்தக்கது ஐயெம் நிறுவனத்தின் கதை. 2011-இல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் தொடங்கப்பட்ட இது, கைப்பேசியில் படமெடுக்கும் எளியவர்களும் தங்கள் படங்களை விற்கலாம் என்று வழி திறந்தது. 2021-இல் அது கைமாறியது, 2023-இல் நொடித்தது, அவ்வாண்டிலேயே ஃப்ரீபிக் என்னும் ஸ்பெயின் நாட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2024-இல் புதிய நிபந்தனை ஒன்று சேர்க்கப்பட்டது. அங்குள்ள படங்களைக்கொண்டு செயற்கை அறிவு இயந்திரங்களுக்குப் பயிற்சி அளிக்கலாம். விரும்பாதவர் தம் படங்களைத் தாமே நீக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அது. அத்தளத்தையே மறந்துவிட்டவர் எங்ஙனம் நீக்குவார்? மௌனம் சம்மதம் என்ற பழமொழி ஒப்பந்தச் சட்டமாக மாறியது இப்படித்தான்.

பத்து ரூபாயைத் தொடாத கூலி

இனிப் பணத்திற்கு வருவோம். இணையத்தில் படம் விற்கும் கடைகளில் பெரியவை, ஆங்கிலத்தில் ஸ்டாக் எனப்படும் படக்கிடங்குகள். விளம்பரக்காரரும் பத்திரிகைகளும் பாடநூல் பதிப்பகங்களும் தங்களுக்கு வேண்டிய படங்களை இங்கே வாங்குவர். ஷட்டர்ஸ்டாக் 2003-இல், அதன் நிறுவனர் ஜான் ஓரிங்கர் தாமே எடுத்த 30,000 படங்களோடு தொடங்கியது. அடோபி நிறுவனம் ஃபோட்டோலியா என்னும் கிடங்கை 80 கோடி டாலருக்கு வாங்கி, 2015-இல் அடோபி ஸ்டாக் கடையைத் திறந்தது. கெட்டி இமேஜஸ் 1995 முதல் இருந்து வருகிறது. இவற்றுள் ஷட்டர்ஸ்டாக்கும் கெட்டியும் ஒன்றாக இணையவிருப்பதாக 2025 ஜனவரியில் அறிவித்தன. வாங்குவோரின் எண்ணிக்கை பெருக, விற்கும் கடைகளின் எண்ணிக்கை சுருங்குவது கூலிக்காரனுக்கு நல்ல அடையாளமன்று.

அடோபி ஸ்டாக் ஒரு நிழற்படம் விற்றால் அதை எடுத்தவருக்கு விலையில் 33 விழுக்காடு தருகிறது. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் புதிய முறையைக் கொண்டுவந்தது. அதன்படி 15 விழுக்காட்டில் தொடங்கி, விற்பனை எண்ணிக்கை உயர உயர 40 விழுக்காடு வரை ஏறலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாள் எல்லாரும் மீண்டும் அடிப்படியிலிருந்தே ஏறத் தொடங்க வேண்டும். மாதச் சந்தா செலுத்தி மொத்தமாகப் படம் எடுத்துக்கொள்வோர் வாங்கும் ஒரு படத்திற்கு, எடுத்தவருக்குக் கிடைக்கும் மிகக் குறைந்த தொகை 10 சென்ட். நம் பணத்தில் பத்து ரூபாயைத் தொடாது.

அந்தத் தாயின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு விற்பனைக்கு ஒன்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை இலட்சம் ரூபாய் அடைபட அப்படங்கள் 16,600 முறைக்கு மேல் விற்க வேண்டும். வட்டியை நான் சேர்க்கவில்லை. சில வேளைகளில் ஒரே படத்திற்குப் பல டாலர் கிடைப்பதும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் கடனை அடைக்க இதை நம்புவது, மழையை நம்பி மகளின் திருமண நாளைக் குறிப்பது போன்றதாகும். ஏற்கனவே எடுத்து வைத்திருக்கும் படங்களைப் பக்க வருமானத்திற்காக அங்கே வைப்பதில் தவறில்லை என்றே அவரிடம் கூறினேன்.

அவ்வாறு வைப்பவரும் எதை வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். சூரியன் மறையும் காட்சி அங்கே இலட்சக்கணக்கில் கிடக்கிறது. உப்பளத்தில் வரப்பு கட்டுவது எப்படி, வள்ளத்தின் பலகைகளுக்கிடையே பஞ்சு அடைப்பது எப்படி, பனைமரம் ஏறுபவர் பாளையைச் சீவுவது எப்படி என்று தொழிலின் படிகளைத் தெளிவாகக் காட்டும் படங்கள் மிகக் குறைவு. பாடநூல் வெளியிடுவோர் தேடுபவை அவையே. அவற்றோடு ஊர்ப்பெயர், நாள், தொழிலின் பெயர் ஆகியவற்றைச் சரியாக எழுதி வைப்பவரின் படமே தேடுவோர் கண்ணில் படும். நம் பிள்ளைகளுக்குச் சொந்த ஊரைப் பற்றித் தெரிந்திருப்பதே இங்கு முதலீடு.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலில் ஒரு கருத்தை வலியுறுத்தினார். பசிக்கு அஞ்சிக் கூலிக்காரன் ஒப்புக்கொண்டான் என்பதாலேயே ஒரு கூலி நீதியானதாகிவிடாது என்பது அது. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றிய மடலில், முதலீட்டைவிட உழைப்பே முந்தியது என்று கற்பித்தார். 2025-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ அந்த முதற் சிங்கராயரின் பெயரையே ஏற்றதற்குச் செயற்கை அறிவால் தொழிலாளர்க்கு எழும் புதிய நிலையையும் ஒரு காரணமாகக் கூறினார். படக்கிடங்குகளின் நிபந்தனையில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தை அழுத்தும் இளைஞனுக்கும் இப்போதனை பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். அடோபி 2023 மார்ச்சில் வெளியிட்ட, படம் உருவாக்கும் ஃபயர்ஃபிளை என்னும் கருவி, அக்கிடங்கின் படங்களைக்கொண்டும் பயிற்றுவிக்கப்பட்டதே. அதற்கென அவ்வாண்டு செப்டம்பரில் படம் அளித்தோர்க்கு ஒரு தொகை வழங்கியது. தொகை வழங்கிய அளவிற்கு நன்று. முன்கூட்டிக் கேட்டிருந்தால் இன்னும் நன்று.

உரிமையை எழுத்தில் தெளிவாக்காமல் விடுவதால் நேரும் விந்தையை அமெரிக்காவின் கேரல் ஹைஸ்மித் அம்மையார் அறிவார். தம் நாடு முழுவதும் சுற்றி எடுத்த படங்களை அவர் 1988 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திற்கு, மக்கள் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு அளித்து வந்தார். படக்கிடங்குகள் அவற்றையும் எடுத்து விலைக்கு வைத்தன. தம் அறக்கட்டளையின் இணையப் பக்கத்தில் தாமே எடுத்த ஒரு படத்தை வைத்ததற்காக 120 டாலர் கேட்டு அவருக்கே கடிதம் வந்தது! 2016-இல் அவர் தொடுத்த வழக்கின் முக்கியக் கோரிக்கைகளை நீதிமன்றம் அவ்வாண்டே தள்ளிவிட்டது. பொதுவுடைமையாக்கப்பட்டதை யாரும் விற்கலாம் என்ற நிலையே இதற்குக் காரணம். தருமமாகக் கொடுப்பதற்கும் எழுத்து வேண்டும் போலும்.

சொந்த வாசல்

அப்படியாயின் எங்கேதான் வைப்பது? என் கருத்தைச் சொல்கிறேன். முதலில் சொந்தப் பெயரில் ஓர் இணைய முகவரியை வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சிறு கட்டணம்தான். அந்த முகவரிக்குப் பின்னால் ஸ்மக்மக், பிக்சிசெட், ஸ்குவேர்ஸ்பேஸ், வேர்ட்பிரஸ் என்று எந்த நிறுவனத்தின் பக்கத்தையும் வாடகைக்கு அமர்த்தலாம். நாளை அந்நிறுவனம் வாடகையை உயர்த்தினால் வேறொன்றிற்கு மாறலாம், முகவரி மாறாது, வாடிக்கையாளர் வழி தவறமாட்டார். அட்டையில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டியது இந்த முகவரியையே. இன்ஸ்டாகிராம் போன்றவை தெருவில் கொடுக்கும் துண்டுப் பிரசுரங்கள், கடையன்று. அங்கே படம் சுருக்கப்படுகிறது. அதனுள் எழுதி வைத்த பெயரும் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. 2012 டிசம்பரில், பயன்படுத்துவோரின் படங்களை விளம்பரத்திற்கு விற்க இடந்தருவதாகப் பலர் பொருள்கொண்ட ஒரு நிபந்தனையை அந்நிறுவனம் அறிவித்துப் பெரும் எதிர்ப்புக்குப்பின் பின்வாங்கியதும் நினைவிருக்கலாம். துண்டுப் பிரசுரத்தால் பயனுண்டு. அதிலேயே குடியிருக்க முடியாது.

அந்தப் பக்கத்தில் முப்பது படங்கள் போதும். முந்நூறு படம் வைப்பவர் தமக்கே எது நல்லதென்று தெரியவில்லை என்று அறிவிக்கிறார். திருமணம் எடுப்பவர் திருமணத்தையும், தொழிற்சாலைப் பொருள்களை எடுப்பவர் அவற்றையுமே காட்ட வேண்டும். காட்டுவதற்குச் சிறிய அளவுப் பிரதி போதும். முழு அளவு மூலப்படம் இணையத்தின் எந்தக் கடையிலும் ஒற்றைப் பிரதியாக இருத்தல் கூடாது. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் பதிந்து, ஒன்றை உறவினர் வீட்டில் வைக்கட்டும். கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

சுவரில் மாட்டும் அச்சுப்படங்களை விற்க விரும்புவோர்க்கு ஃபைன் ஆர்ட் அமெரிக்கா போன்ற தளங்கள் உண்டு. 2006-இல் தொடங்கிய இது, அச்சிடும் செலவைத் தன் விலையாக வைத்து, அதன்மேல் தம் ஊதியம் எவ்வளவு என்பதைப் படம் எடுத்தவரே குறிக்க விடுகிறது. விலை சொல்லும் உரிமை எடுத்தவரிடம் இருப்பது நல்லதே. ஆயினும் வெளிநாட்டில் அச்சாகி இங்குள்ளவர் கைக்கு வருவதற்குள் அனுப்பும் செலவு படத்தின் விலையை எட்டிவிடும். நம் ஊரில் வாங்குவோர்க்கு நாமே நல்ல தாளில் அச்சிட்டு அஞ்சலில் அனுப்புவதே மேல்.

பணம் பெறுவதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. பேபால் நிறுவனம் 2021 ஏப்ரல் முதல் நாளோடு இந்தியாவிற்குள் நடக்கும் பரிமாற்றங்களை நிறுத்திக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்திற்கே அது பயன்படும். உள்நாட்டில் வாங்குவோரிடம் வங்கிவழியோ யுபிஐ வழியோ பெறலாம். அமெரிக்கக் கிடங்குகளில் விற்பவர் டபிள்யூ-8பென் என்னும் படிவத்தைப் பான் எண்ணோடு நிரப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால், அந்நாட்டில் ஈட்டிய ராயல்டிக்கு இரு நாட்டு உடன்படிக்கையின்படி 15 விழுக்காடு வரி. கொடாவிடில் 30 விழுக்காடு. ஒரு படிவத்தைச் சோம்பலால் விட்டுக் கூலியில் ஒரு பகுதியை இழந்தவர் உண்டு.

மணமகளின் படம் யாருக்குச் சொந்தம்?

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கிடங்குகளால் அன்று, திருமணங்களாலேயே பிழைக்கின்றனர். அவர்கள் தங்கள் காட்சிப் பக்கத்தில் முதலில் வைப்பதும் அழகிய மணமகள் ஒருத்தியின் படத்தையே. அதை வைக்க அவர்களுக்கு உரிமை உண்டா? 'நான் எடுத்த படம் எனக்குத்தானே சொந்தம்' என்று அவர்கள் நினைக்கின்றனர். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. அதன் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன நிழற்படத்தின் முதல் உரிமையாளர், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே. ஸ்டூடியோவில் சம்பளத்திற்கு வேலை செய்து எடுத்தவை பொதுவாக முதலாளிக்கு உரியவை. தாமாகச் சென்று தம் விருப்பத்திற்கு எடுத்தவையே எடுத்தவருக்கு உரியவை. அவற்றிற்கு, 2012-இல் சட்டம் திருத்தப்பட்டபின், அவர் ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு.

ஆகவே முன்பணம் வாங்கும் அன்றே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: எத்தனை படம், எந்நாளில், என்ன விலை, எந்தப் படங்களைத் தம் தொழிலுக்கான மாதிரியாக இணையத்தில் வைக்கலாம், எவற்றை வைத்தல் ஆகாது. இதைக் கேட்டால் வாடிக்கையாளர் ஓடிவிடுவர் என்று இளைஞர் அஞ்சுகின்றனர். உண்மை நேர்மாறானது. மகளின் படம் எங்கே போகும் என்று கேட்கத் தெரியாமல் தவிக்கும் தகப்பனுக்கு, கேட்காமலே சொல்லும் படக்காரரிடம்தான் நம்பிக்கை பிறக்கிறது.

முகத்தை விலைக்கு வைக்கும்போது

பணம் கொடுத்து எடுக்கச் சொல்லும் வசதியுள்ளவர்க்குச் சட்டம் துணை நிற்கிறது. எடுக்கச் சொல்லாமலே படமாக்கப்படும் ஏழைக்கு யார் துணை?

1936 மார்ச் மாதம், கலிஃபோர்னியாவில் நிப்போமோ என்னுமிடத்தில் பட்டாணி பறிக்க வந்த கூலியாள்களின் முகாம். பனியால் பயிர் கருகி வேலையற்றுப் போன அவர்களிடையே, குழந்தைகளோடு ஒரு கிழிந்த கூடாரத்தில் அமர்ந்திருந்த தாயை, அரசாங்கப் பணியில் இருந்த டொரத்தியா லாங் என்னும் அம்மையார் படம் எடுத்தார். பெயரைக் கேட்டுக் குறிக்கவில்லை. 'புலம்பெயர்ந்த தாய்' என்று உலகமே அறிந்த படம் அது. செய்தித்தாளில் அப்படம் வெளியானதும் அரசு அம்முகாமிற்கு உணவு அனுப்பியது. ஆனால் அந்தக் குடும்பம் அதற்குள் அவ்விடத்தை விட்டுப் போய்விட்டிருந்தது. படத்தில் இருப்பவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978-இல்தான் வெளிப்பட்டது. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் வந்ததில்லை என்ற மனக்குறை அவருக்கு இறுதிவரை இருந்தது. அரசுக்காக எடுத்ததாதலால் லாங் அம்மையாருக்கும் அதில் ராயல்டி இல்லை. 1983-இல் தாம்ப்சன் நோயுற்றுக் கிடந்தபோது, மருத்துவச் செலவிற்காகப் பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி வேண்டினர். ஏறத்தாழ 35,000 டாலர் சேர்ந்தது. அவ்வாண்டே அவர் இறந்தார். 1998-இல் அமெரிக்க அரசு அப்படத்தை அஞ்சல்தலையாக வெளியிட்டது.

அப்படம் பல ஏழைகளுக்கு நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அந்தத் தாயின் பெயரைக் கேட்க ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

இன்றைய கிடங்குகள் இந்த ஒன்றில் பாராட்டத்தக்கவை. முகம் தெரியும் ஒருவருடைய படத்தை விளம்பரத்திற்கு விற்க வேண்டுமாயின், அவர் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தைக் கேட்கின்றன. சிறுவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் கையொப்பம் வேண்டும். படிவம் இல்லாத படம் செய்தி, பாடநூல் ஆகியவற்றின் பயனுக்கு மட்டுமே விற்கப்படும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் எடுக்கப்படும் கூட்டப் படங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆனால் அப்படிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மீன் விற்கும் பாட்டியிடம் ஆங்கிலத் தாளில் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது. அவர் முகம் ஒரு மருந்து விளம்பரத்திலோ, கடன் நிறுவனத்தின் சுவரொட்டியிலோ வரக்கூடும் என்பதைத் தமிழில் சொல்லி, அதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதையும் சொல்லி, 'வேண்டாம்' என்றால் கேமராவை இறக்கிவிட வேண்டும். இளைஞர் இயக்கத்தார் இத்தகைய படிவத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுப் பங்கு அலுவலகத்தில் வைத்தால் பலருக்கும் பயன்படும்.

நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகள், மருத்துவமனையில் நோயில்பூசுதல் பெறுவோர், ஒப்புரவு அருட்சாதனத்திற்காகக் காத்திருப்போர் ஆகியோரின் படங்கள் எந்தப் படிவத்தோடும் விற்பனைக்கு வரலாகாது என்பதே என் நிலை. 'மாதா முன் அழும் பெண்' என்ற தலைப்பில் விலைக்கு வைக்கப்பட்ட படத்தை இணையத்தில் நானே கண்டிருக்கிறேன். அவர் எதற்காக அழுதாரோ, அதை விற்க அனுமதி கொடுக்கத்தக்கவர் அவர் ஒருவரே.

சாவு வீட்டில் உடலைச் சுற்றிக் குடும்பத்தார் நின்று படம் எடுத்துக்கொள்வது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். அப்படங்களை எடுத்தவுடன் கோப்பை அப்படியே குடும்பத்தாரிடம் ஒப்படைத்து, கேட்டத்தனை பிரதி போட்டுக் கொடுத்து, தம் கணினியிலிருந்து அழித்துவிடும் படக்காரர் ஒருவரை நான் அறிவேன். அவருடைய இணையப் பக்கத்தில் இன்று இருபத்தெட்டுப் படங்கள் உள்ளன. பதினொன்று திருமணங்கள், மற்றவை வள்ளம் கட்டும் தச்சர்கள். தச்சர்கள் ஒவ்வொருவருடைய பெயரும் படத்தின்கீழ் இருக்கிறது.